மூக்குத்தியும் நடுவரும்

விடுதிகளுக்கிடையிலான கூடைப்பந்து ஆட்டத்தின் பாதியில் நடுவர் ஊதலை ஊதி, நம் தமிழ் மாணவி ஒருவரின் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார். நம் பண்பாட்டை மதிக்கவில்லை என்று நண்பர்கள் குமுறினர். எனக்கு உடன்பாடில்லை. பிறருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய எதையும் அணியக்கூடாது என்ற ஃபிபா விதி, நகைகளைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. 2017இல் தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் இடம் கொடுத்தபோதும் நகைக்கு அது இடம் கொடுக்கவில்லை. பந்துக்குப் பாயும் கை மூக்குத்தியில் சிக்கினால் என்னவாகும்?

நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபிபா விதிப்படி உங்கள் அதிகாரம் ஆட்டத்திற்கு 20 நிமிடங்களுக்கு முன்பே தொடங்குகிறது. அப்போதே பார்த்துச் சொல்லியிருந்தால், அத்தனை பேர் முன்னிலையில் அந்தப் பெண் கண்கலங்கியிருக்க மாட்டாள். தோழியரே, நாமும் நகைகளை அறையிலேயே வைத்துவிட்டுத் திடலுக்குச் செல்வோம்.