காசில்லாமல் ரம்மி ஆடுவோம்

சீட்டு என்றாலே சூதாட்டம் என்று முகம் சுளிப்பவர் நம்மில் பலர். பணம் வைத்து ஆடுவதை நானும் ஆதரிக்கவில்லை. காசு கட்டும் இணைய ஆட்டங்களுக்குத் தடை விதித்து 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது சரியே. ஆனால் ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்று 1967-ல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

ஆளுக்கு 13 சீட்டு. குறைந்தது இரண்டு வரிசை வேண்டும். அதில் ஒன்று ஜோக்கர் கலவாதது. அதை முதலில் சேர்க்க வேண்டும். சேருமுன் எதிராளி இறக்கிவிட்டால் கையிலுள்ளது முழுவதும், 80 வரை, கணக்கில் ஏறும். ராஜா, ராணிக்குப் பத்துப் பத்து. ஆகவே சேராத பெரிய சீட்டைச் சீக்கிரம் கழித்துவிடுங்கள். எதிராளி எதை எடுக்கிறார், எதைப் போடுகிறார் என்று கவனிப்பதே பாதி ஆட்டம்.

மைசூருக்கும் சீட்டு புதிதல்ல. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கஞ்சீஃபா ஆட்டங்களை வகுத்து வளர்த்த ஊர் இது.

அக்ரஹாரத்துத் தமிழ் வீடுகளில் பேரப்பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறார்கள். பாட்டியிடம் மட்டும் பேச்சு இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறது. "தமிழ் பேசு" என்று அதட்டினால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். சீட்டுக்கட்டைப் பிரித்தால் வந்து உட்காருவார்கள். ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் ஆடுங்கள். நிபந்தனை ஒன்றே: பேச்சும் புள்ளிக் கணக்கும் தமிழில்தான்!