எது மச்சம்?

யாழ்ப்பாணத்தில் ‘சைவம்’ என்னும் ஒரே சொல் சமயத்தையும் மரக்கறி உணவையும் குறிக்கின்றது. அச்சொல்லின் நிழலிலே ஓர் அநீதி ஒளிந்துகொண்டது.

மரக்கறி உண்பதை நாம் பழிக்கவில்லை. உயிர்க்கிரங்கும் நெஞ்சம் போற்றத்தக்கதே. ஆனால், எது மச்சம் என்று வரையறுத்தவர் யார்? கன்றுக்குரிய பால் சைவமாம். கருக்கொள்ளாத முட்டை மச்சமாம்! புழுவைக் கூட்டோடு அவித்தெடுத்த பட்டினை உடுத்திக் கோயிலுக்குச் செல்லலாம். மாட்டுத்தோல் போர்த்த மிருதங்கம் சந்நிதியில் முழங்கலாம். தோலை உரித்தவனோ வெளிவீதியில் நிற்கவேண்டியிருந்தது.

‘புலாலுண்போர்’ என்பது ஒடுக்கப்பட்டோரை விலக்கக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று. வெள்ளியன்று சைவச் சட்டியும் ஞாயிறன்று மச்சச் சட்டியும் அடுப்பேற்றிய உயர்சாதியாரை எவரும் தடுக்கவில்லையே! கோயில் நுழைவைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் ஒடுக்கப்பட்டோர் வழிமறிக்கப்பட்டனர். வழிமறித்தது உணவன்று; சாதியே.

ஆசிரியர்களே, மாணவர்களே! இரக்கத்தினால் புலால் மறுப்போர் மறுக்கட்டும். அம்மறுப்பைப் பிறர் தகுதியை அளக்கும் கோலாக்குவோரை எதிர்த்து நில்லுங்கள். ஆட்டுக்கு இரங்கி அயலவனுக்கு இரங்காத நெஞ்சில் சைவம் ஏது?