தபால் படிப்பும் பன்றிநெல்லும்

'வீட்டிலிருந்து கணினியில் படித்து விவசாயத்தில் முதுமாணியாம்! வயலில் இறங்காதவனுக்குக் களையைப் பற்றி என்ன தெரியும்?' தொலைக்கல்வி என்ற பேச்சை எடுத்தாலே நமது கல்விமான்கள் சிலர் இவ்வாறு சிரிக்கிறார்கள். 'தபால் படிப்பு' என்ற பழைய ஏளனம் இன்னும் அவர்களது நாவை விட்டு அகலவில்லை. மரியாதையுடன் கேட்கிறேன்: வளாகத்துக்குச் சென்று படித்தவர்கள் எல்லோரும் எந்த வயலில் இறங்கினார்கள்?

உழவியலைத் தொலைவிலிருந்து பட்டப்பின் படிப்பாகக் கற்பிக்க இயலாது என்பது முதலில் உண்மைக்கே புறம்பானது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியிலிருந்தே அதைச் செய்து வருகிறது. வேலையை விடாமல் படிப்பவர்களுக்கென்றே அமைந்த முதுமாணிப் படிப்பு அது.

களைச் சூழலியலுக்கோ தொலைக்கல்வி இன்னும் பொருத்தமானது. ஏனெனில், களை இடத்துக்கு இடம் குணம் மாறுவது. பன்றிநெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெல்லின் இனத்தையே சேர்ந்தது. ஆதலால் சாதாரண நெல்லை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்லும் மருந்து கிடையாது. அறுவடைக்கு முன்பே மணிகளை உதிர்த்து, மண்ணுக்குள் விதைகளைச் சேமித்துவிடுகிறது. நாற்று நடுகை அருகி, வீச்சு விதைப்பே வழமையாகிவிட்ட நமது வயல்களில் அதற்கு இராச மரியாதை! நெற்சப்பியோ புரொப்பனில் என்ற களைநாசினிக்கே எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டதை இலங்கை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எந்த வயலில் எவ்வளவு விதை கிடக்கிறது, எந்த மழைக்கு முளைக்கிறது, எவ்வளவு நீர் நின்றால் அடங்குகிறது என்பதையெல்லாம் காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் அங்கேயே நிற்பவர்தான் எண்ணிப் பார்க்க முடியும். அவர் யார்? கிளிநொச்சியிலோ அக்கரைப்பற்றிலோ மோட்டார் சைக்கிளில் அலையும் விவசாயப் போதனாசிரியர். அவரை இரண்டு ஆண்டுகள் பேராதனைக்கு அனுப்பினால், படிக்க வேண்டிய வயலிலிருந்தே பிரித்துவிடுகிறோம்.

இது வெறும் சான்றிதழ் விவகாரமன்று. 2015 இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021 இல் இரசாயன உரத்துடன் களைநாசினிகளின் இறக்குமதியும் ஒரே மூச்சில் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. தடைகளின் சரி பிழையை இங்கு நான் பேச வரவில்லை. 'இனி என்ன செய்வது, ஐயா?' என்று விவசாயி கேட்கப் போவது கொழும்பிலிருக்கும் அமைச்சரையா? அந்தப் போதனாசிரியரைத்தானே! அவரிடம் என்றோ பெற்ற டிப்ளோமாவையும் மருந்துக் கம்பனியின் துண்டுப்பிரசுரத்தையும் தவிர வேறென்ன கொடுத்திருக்கிறோம்?

ஏளனம் செய்வோர் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. கட்டணத்தை வாங்கி, காணொளிகளை அனுப்பி, சரியான விடைக்குக் கோடிடச் சொல்லிப் பட்டம் நீட்டும் கடைகள் உலகெங்கும் முளைத்துள்ளன. அவையும் ஒருவகைக் களைதான். அதற்காக நல்ல பயிரையும் சேர்த்தா பிடுங்குவது? தன் பிரிவின் வயலில் சதுரச் சட்டமிட்டுக் களைகளை எண்ணாதவருக்கு, மண்ணெடுத்து விதைகளை முளைக்கவைத்துப் பாராதவருக்குப் பட்டமில்லை என்று விதி செய்யுங்கள். முடிந்தது.

யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விவசாய பீடம் உண்டு. தமிழில் பாடம் எழுத ஆளில்லை என்பார்கள். பன்றிநெல்லுக்கும் நெற்சப்பிக்கும் பெயர் வைத்தவர்கள் எந்த மொழியில் வைத்தார்களாம்? இரு பீடங்களும் கூடி, தமிழில் ஒரேயொரு தொலைக்கல்விப் பாடநெறியை அடுத்த காலபோகத்துக்கு முன் அறிவித்துப் பார்க்கட்டும். விண்ணப்பங்கள் வராவிட்டால் அப்போது சிரிக்கலாம்.