படிக்கப்படும் பக்கமே அழகான பக்கம்



உங்கள் பள்ளியில் சுவர்ப் பத்திரிகை உண்டா? தலைமையாசிரியர் அறைக்கு வெளியிலோ, நூலகத்துக்குப் போகும் வழியிலோ ஒரு பலகை இருக்கும். மாணவர்கள் தாமே எழுதி, படம் வரைந்த தாள்களை அதில் ஒட்டியிருப்பார்கள். அடுத்த முறை அந்தப் பலகைக்குச் சற்றுத் தள்ளிப் பத்து நிமிடம் நில்லுங்கள். தாளைப் பார்க்க வேண்டாம். அதைக் கடந்து போகிறவர்களைப் பாருங்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள்? நின்றவர்களில் எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறார்கள்?

பெரும்பாலோர் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதை எழுதிய மாணவர்களோ இரவு கண் விழித்து ஜிகினாத் தூள் ஒட்டி, நான்கு வண்ணங்களில் கரை போட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் தீட்டியிருப்பார்கள். இவ்வளவு உழைத்தும் ஏன் யாரும் படிக்கவில்லை?

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தின் அழகை எழுதுபவரின் கை தீர்மானிப்பதில்லை; படிப்பவரின் கண்தான் தீர்மானிக்கிறது. ஆகவே பக்கம் அமைக்க உட்காருபவர் முதலில் எடுக்க வேண்டியது அளவுகோல். வண்ணப் பெட்டியை அதற்குப் பிறகு திறக்கலாம். இது பௌதிகம் கற்பிக்கும் ஒருவரின் பிடிவாதம் என்று நினைக்கிறீர்களா? கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கண்ணுக்கு எட்டும் அளவு

கண் மருத்துவரிடம் போனால் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகள் உள்ள அட்டையைக் காட்டுவார் அல்லவா? அந்த அட்டையை 1862 இல் உருவாக்கியவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஸ்நெல்லன். அவர் அமைத்த விதி எளியது. ஒரு டிகிரியை 60 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நிமிடக் கோணம். எழுத்தின் ஒரு கோடு கண்ணில் ஒரு நிமிடக் கோணத்தையும், முழு எழுத்து ஐந்து நிமிடக் கோணத்தையும் உண்டாக்கினால், குறையற்ற கண் அதை அடையாளம் காணும். 6 மீட்டர் தூரத்துக்கு அந்த எழுத்தின் உயரம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர்.

இது கண்ணை முழு முயற்சியோடு சோதிக்கும் எல்லை. எல்லையிலேயே நிறுத்தி ஒருவரை ஒரு கட்டுரை முழுவதையும் படிக்கச் சொல்வது நியாயமாகாது. எல்லையைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் சிரமமின்றிப் படிக்கலாம். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி சொல்கிறேன். படிப்பவர் நிற்கும் தூரத்தை 200 ஆல் வகுத்துவிடுங்கள். 1 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டர். 2 மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு 1 சென்டிமீட்டர். தாழ்வாரத்தின் மறு கோடியில், 10 மீட்டர் தூரத்தில் வருபவரை இழுக்க வேண்டிய தலைப்புக்கு 5 சென்டிமீட்டர்.

நம் தமிழ் எழுத்துகளுக்கு இதில் தாராளம் காட்டுவது நல்லது. இரண்டு சுழி 'ன'வுக்கும் மூன்று சுழி 'ண'வுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சுழிதான். அது மங்கினால் 'மணம்' 'மனம்' ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ அதைவிடச் சிறியது. எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது அந்தப் புள்ளிதான்.

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது, ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் விடவில்லை. அதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. இன்று நாம் சரளமாகப் படிப்பதற்குப் புள்ளியும் இடைவெளியும் பத்தி பிரித்தலும் செய்யும் உதவி பெரிது. அவற்றுக்கு நாம் கொடுக்கும் விலை, காகிதத்தில் இடம்.

இந்த இடப் பிரச்சினை புதிதல்ல. 1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றால் நூல் முழுவதையும் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு அது சரியான முடிவு. புத்தகம் கண்ணிலிருந்து ஓரடி தூரத்தில் இருக்கிறது. சுவர் அப்படி அருகில் வராதே!

ஒரு தாளுக்கு எத்தனை சொற்கள்?

கடையில் வாங்கும் சார்ட் தாள் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமும் 56 சென்டிமீட்டர் அகலமும் உடையது. தாளை நெடுக்காக ஒட்டுகிறோம் என்று கொள்வோம். தலைப்புக்கும் ஓரங்களுக்கும் விட்டது போக 50 சென்டிமீட்டர் உயரம் மிஞ்சும். எழுத்தின் உயரம் 5 மில்லிமீட்டர். வரிகளுக்கு நடுவே அதே அளவு இடைவெளி. ஆக 50 வரிகள்.

இந்த வரிகளைத் தாளின் முழு அகலத்துக்கும் இழுக்கலாமா? கூடாது. படிக்கும்போது நம் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் சுமார் கால் நொடி தங்கி, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. வரி முடிந்ததும் ஒரே தாவலில் அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். வரி நீளமாக இருந்தால் அந்தத் தாவல் குறி தவறி, படித்த வரியிலேயே மீண்டும் விழுகிறது. செய்தித்தாள்கள் பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்திருப்பது கண்ணுக்கு இந்தச் சிரமத்தையும் மிச்சப்படுத்துகிறது.

நாமும் தாளை 15 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று பத்திகளாகப் பிரிப்போம். ஒரு வரிக்கு நான்கு சொற்கள் அடங்கும். மூன்று பத்திகளுக்கும் சேர்த்து 600 சொற்கள். படத்துக்கு இடம் விட்டால் 500. உங்கள் மூலதனம் அவ்வளவுதான்!

குழுவிலோ ஐந்து பேர் ஆளுக்கு 300 சொற்கள் எழுதி வந்திருப்பார்கள். யார் எழுதியதையும் விட மனமில்லாமல் எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் நெருக்கி ஒட்டிவிடுவது வழக்கம். விளைவு, ஐவர் எழுதியதையும் ஒருவரும் படிப்பதில்லை. இரண்டு கட்டுரைகளை இந்த மாதமும் மூன்றை அடுத்த மாதங்களிலும் வெளியிட்டிருந்தால் ஐந்தும் படிக்கப்பட்டிருக்கும். வெட்டுவது கடினம்தான். ஆனால் எதை விடுவது என்று முடிவு செய்வதும் எழுதும் வேலையில் ஒரு பகுதியே.

இதில் ஒரு பொறியியல் வரைவாளர் நமக்கு வழிகாட்டி. லண்டன் நகரத்துச் சுரங்க ரயிலில் பணியாற்றிய ஹாரி பெக், 1931 இல் அந்த ரயில் பாதைகளுக்கு ஒரு புதிய படம் வரைந்தார். பழைய படங்களில் பாதைகள் நிலத்தில் உள்ளபடியே வளைந்து நெளிந்து கிடந்தன. நகரத்தின் நடுப்பகுதியில் நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கியிருந்தன. பெக் மின்சுற்றுப் படம் போல எல்லாவற்றையும் நேர்கோடுகளாக்கினார். கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரிச் சாய்வுக் கோடு, இவை மட்டுமே. உண்மையான தூரங்களை விட்டுவிட்டார். பயணிக்கு வேண்டியது எந்த நிலையத்தில் ஏறி எங்கே மாறுவது என்பதுதானே! அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். 1933 இல் அச்சிட்டுக் கொடுத்தபோது பயணிகள் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். பிற்காலத்தில் உலகின் பல நகரங்களில் வரையப்பட்ட ரயில் படங்கள் அதன் வழியையே பின்பற்றின. வேண்டாததை விட்டதால் வந்த அழகு அது.

வண்ணம் யாருக்கு?

வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்றும், கறுப்பு மை 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்றும் கொள்வோம். விகிதம் 16க்கு 1. கண் எளிதில் பிரித்தறியும். அதே தாளில் மஞ்சள் மையால் எழுதினால்? மஞ்சள் ஒளிர்வான நிறம். 65 சதவீதம் திரும்புகிறது என்றால் விகிதம் 1.2க்கு 1 தான். எழுத்து தாளோடு கரைந்துவிடும். அதே மஞ்சளைக் கறுப்புத் தாளில் எழுதிப் பாருங்கள், பளிச்சென்று தெரியும். குறை மஞ்சளிடம் இல்லை. அதை வைத்த இடத்தில் இருக்கிறது.

சிவப்புத் தாளில் பச்சை எழுத்து என்பது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி. அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன், சிவப்பையும் பச்சையையும் தம்மால் மற்றவர்களைப் போலப் பிரித்தறிய முடியவில்லை என்பதை 1794 இல் ஒரு கட்டுரையாகவே படித்தார். அவர் விருப்பப்படி அவர் இறந்தபின் பாதுகாக்கப்பட்ட கண்ணிலிருந்து 1995 இல் மரபணுவைச் சோதித்தபோது, பச்சை ஒளியை உணரும் நிறமிக்கான மரபணு அவரிடம் இல்லை என்று தெரிந்தது. இக்குறை பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி. உங்கள் பள்ளியிலும் அப்படிச் சில மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் சிலருக்குத் தம் பார்வை வேறுபட்டது என்றே தெரியாது. தெரிந்த சிலரும் கேலிக்கு அஞ்சி வெளியே சொல்வதில்லை. உங்கள் தாளின் முன் அவர் நின்று, ஒன்றும் புரியாமல் நகர்ந்து போனால், தவறு அவருடையதா?

ஆண்டுவிழாவுக்கு வரும் தாத்தா பாட்டியையும் எண்ணிப் பாருங்கள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, பாவை சுருங்குகிறது, விழித்திரையை அடையும் ஒளி குறைகிறது. உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் வெளிர்நீல எழுத்து அவருக்குப் புகையாகத் தெரியலாம்.

இது அழகு பற்றிய பேச்சு மட்டுமல்ல. மழைக்காலத்தில் பல பள்ளிகள் டெங்குக் காய்ச்சல் பற்றித் தாள் ஒட்டுகின்றன. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஆகவே தொட்டியை மூடி வையுங்கள், பழைய டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நீர் தேங்க விடாதீர்கள். சொல்ல வேண்டிய செய்தி இவ்வளவே. பூக்கரைக்கு நடுவே விரற்கடை இடத்தில் இதை நெருக்கி எழுதினால், மாணவரை அழைத்துப் போக வரும் ஒரு தாய் அதைப் படிக்காமலே வீடு திரும்புவார். அவர் வீட்டுத் தொட்டி திறந்தே கிடக்கும்.

அப்படியானால் அலங்காரமே வேண்டாமா?

வேண்டும். தூரத்தில் போகிறவரை அருகே அழைப்பது அழகின் வேலை. ஒரு நல்ல படம், ஒரு தெளிவான தலைப்பு, பொருத்தமான ஒரு வண்ணம் போதும். பத்து இடங்களில் வண்ணம் தீட்டினால் கண் எங்கே முதலில் போவது என்று தெரியாமல் திகைக்கும். ஓரத்தில் விட்ட வெற்றிடத்தை வீண் என்று எண்ணாதீர்கள். வாசலில் கோலம் போடுபவர் சுற்றிலும் தரையைப் பெருக்கி வெறுமையாக விடுகிறார் அல்லவா? அந்த வெறுமையால்தான் கோலம் எடுத்துத் தெரிகிறது.

தாளை ஒட்டுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவதாக, தாளைச் சுவரில் தொங்கவிட்டு 2 மீட்டர் பின்னால் நின்று முக்கியமான செய்தி தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, வீட்டில் கைப்பேசி இருந்தால் தாளைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். அதில் மறைந்துபோகும் எழுத்து, வண்ணத்தை மட்டும் நம்பி நிற்கும் எழுத்து, அதை மாற்றுங்கள். மூன்றாவது சோதனையே முக்கியமானது. உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம், ஆறாம் வகுப்புத் தம்பியாக இருந்தாலும் சரி, தாளைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, திருத்த வேண்டியது அந்த இடங்களையே என்று முடிவு செய்யுங்கள். திரையில் பக்கம் அமைப்பவர்க்கும் இம்மூன்று சோதனைகள் பொருந்தும். தூரமும் எழுத்தின் அளவும் மட்டுமே மாறும்.

ஆசிரியர்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவர்ப் பத்திரிகைக்குப் பரிசு கொடுக்கும்போது தாளைப் பார்த்து மட்டும் மதிப்பெண் இடாதீர்கள். அதைப் படித்த ஐந்து மாணவர்களை அழைத்து, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேளுங்கள். அதிகம் சொல்ல வைத்த தாளுக்குப் பரிசைக் கொடுங்கள். அடுத்த ஆண்டு ஜிகினா விற்பனை சற்றுக் குறையலாம். பலகையின் முன் நிற்பவர்கள் கூடுவார்கள்.

நண்பர்களே, உங்கள் அடுத்த தாளுக்கு அளவுகோலை எடுங்கள். 500 சொற்களில் எழுதுங்கள். ஒட்டிய பிறகு மறுபடியும் பத்து நிமிடம் தள்ளி நின்று எண்ணிப் பாருங்கள். முதல் முறை நின்றவர்களையும் இந்த முறை நின்றவர்களையும் ஒப்பிட்டால், நான் சொன்னது சரியா தவறா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.