யானை ‘கத்துது’ன்னு சொன்னா தப்பா?

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனத்துக்குப் போயிருக்கீங்களா? பசுவும் யானையும் பெருமாள் சன்னதி முன்னால வந்து நிற்கும். பசு குரல் கொடுத்தா என்ன சொல்வீங்க? ‘கத்துது.’ யானை? அதுவும் ‘கத்துது.’ கோபுரத்துக் கிளி, வாசல் நாய், மதில் மேல் காக்கா, எல்லாமே கத்துது.

ஆனா இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நமக்கு ‘எலிஃபண்ட் ட்ரம்பெட்ஸ், ஹார்ஸ் நெய்ஸ்’ தூக்கத்துல கேட்டாலும் வரும். பிளிறும், கனைக்கும் எல்லாம் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணிட்டு மறந்த வார்த்தைகள்.

முதல்ல, ‘கத்து’ ஒண்ணும் மட்டமான சொல் இல்லை. ஆடு கத்தும், கழுதை கத்தும் என்பதுதான் இலக்கணப் புத்தகம் சொல்லும் மரபு. ‘நீச்சல் கத்துக்கிட்டேன்’ல வர்ற கத்து மட்டும் வேற. அது ‘கற்று’. காற்று காத்தான மாதிரி, நேற்று நேத்தான மாதிரி, கற்று கத்தாச்சு. ரெண்டுக்கும் சொந்தம் கிடையாது.

மத்த வார்த்தைகள் செத்துப்போச்சா? இல்லை, மனுஷங்ககிட்ட வந்துடுச்சு. புரொபசர் தொண்டையைக் கனைச்சா கிளாஸ் அடங்குது. கனைப்பு குதிரையோடது. ஜெயிச்ச டீம் கொக்கரிக்குது. அது கோழியோடது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல பைக் உறுமுது. அது புலியோடது.

அதுக்காக, பட்டியலை வச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் திருத்தணும்னு நான் சொல்லலை. பட்டியல்படி கனைக்கிறது குதிரை. மார்கழியில ஸ்ரீரங்கம் முழுக்கக் கேட்கிற திருப்பாவையில, 12-ஆம் பாட்டில் கனைக்கிறது எருமை, தன் கன்றை நினைச்சு. ஆண்டாள் பட்டியலைப் பார்த்து எழுதலை, தொழுவத்தைக் கேட்டு எழுதியிருக்காங்க.

நமக்கு வேண்டியதும் அந்தக் காதுதான். ராத்திரி ஹாஸ்டலுக்குத் தனியா நடந்து வர்றவங்களுக்குத் தெரியும்: குரைக்கிற நாய் வேற, உறுமுற நாய் வேற, ஊளையிடுற நாய் வேற. பின்னால வர்ற ஜூனியர்கிட்ட ‘நாய் கத்துது’ன்னு மட்டும் சொன்னா, அவன் தைரியமா நடக்கணுமா, ஒதுங்கி நிற்கணுமா?

யானை கத்துதுன்னு சொன்னா மார்க் வேணா போகும், குடி முழுகாது. ஆனா அடுத்த தடவை யானையைப் பார்க்கப் போனா, அது குரல் கொடுக்கிறப்ப போனை எடுக்காம ஒரு நிமிஷம் கேட்டுப் பாருங்க. ‘பிளிறுது’ன்னு உங்க வாயிலேயே வருதான்னு பார்ப்போம்.