பேட்டரி வண்டி: பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்



இன்று நம் தொழிலில் வீட்டுக்கே சாமான் கொண்டு போய்க் கொடுக்காத கடை நிற்பது கடினம். பெரு நகரங்களில் பெரிய நிறுவனங்கள் சில நிமிடங்களில் சரக்கு என்று கூவுகின்றன. அந்தக் காற்று நம் பக்கம் வீசுவதற்கு அதிக நாள் ஆகாது. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊருக்கு ஊர் வாடிக்கையாளர் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர், பெட்ரோல் செலவைப் பார்த்துவிட்டுப் பேட்டரி வண்டி பக்கம் திரும்புவது நியாயமே. நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால் வாங்கும் முறையில்தான் நம்மவர்களிடம் அவசரம் தெரிகிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்கத்தான் வேண்டும். மிளகாய் மூட்டையில் கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்க்கும் நாம், லட்ச ரூபாய் வண்டியை ஷோரூம் வாசலில் நூறு கெஜம் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுக்கிறோம். இது வணிகருக்கு அழகல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியை நிரப்ப, இழப்பையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 35 ரூபாய். சாமானோடு 80 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டிக்கு 2 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் 200 ரூபாய். மிச்சம் 165 ரூபாய். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓடும் கடைக்கு ஏறக்குறைய 18,500 ரூபாய் மிஞ்சும். நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற கடைக்கு மிஞ்சுவது 5,000 ரூபாய்க்குள்தான். அந்த 5,000 ரூபாய்க்காக ஓடுகிற பழைய வண்டியைக் கழித்துவிட்டு லட்ச ரூபாய் முதல் போடுவது எந்தப் பேரேட்டிலும் லாபமாக ஏறாது. ஆகவே ஒரு மாதம் கடை வண்டி ஓடிய தூரத்தைச் சிட்டையில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

மானியத்தை நம்பியும் கணக்குப் போட வேண்டாம். மத்திய அரசின் மானியம் 2021 ஜூனில் பேட்டரி யூனிட்டுக்கு 15,000 ரூபாய் என்று உயர்ந்தது. 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும் இறங்கியது. மானியம் இல்லாவிட்டாலும் கட்டுப்படியாகிறதா என்பதே சரியான கேள்வி.

அடுத்தது விளம்பரத்தில் போடும் தூரம். அது சோதனை முறையில் அளந்த தூரம். ஒரே ஆள், பாரம் கிடையாது. நம் பையன் 25 கிலோ அரிசிச் சிப்பமும் ஓர் எண்ணெய் டின்னும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிறான். அதனால் விளம்பரத் தூரத்தில் முக்கால் பங்கைத்தான் நாம் கணக்கில் எடுக்கிறோம். பேட்டரி பழகப் பழக அதுவும் குறையும்.

இனி மேடு. நம் பகுதி சமதரை, நமக்கு ஏற்றம் எதற்கு என்று கேட்கலாம். ரயில்வே மேம்பாலம் இருக்கிறது, கண்மாய்க் கரை ஏறும் சாலை இருக்கிறது. பாரத்தோடு பாதிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். பின்னால் உருள்கிறதா, திணறுகிறதா என்று அங்கே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் சார்ஜ் நிறைந்திருக்கும்போது செய்தால் போதாது. பல வண்டிகளில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தால் இழுவை தானாகக் குறையும். எனவே 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போதும் ஒரு முறை, சித்திரை வெயிலில் பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மலையில் கடை வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறோம். வண்டி 110 கிலோ, ஆள் 75, சாமான் 50, ஆக 235 கிலோ. இதை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரத்தில் சமதரையில் சுமார் 3 கிலோமீட்டர் ஓடலாம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,800 மீட்டர். சாமான் இல்லாமல் ஒருவர் மட்டும் ஏறினாலே சுமார் இரண்டரை யூனிட் கரையும். 2 யூனிட் பேட்டரி வண்டி பாதி வழியில் நின்றுவிடும். 3 யூனிட் வண்டியிலும் இருவர் ஏறுவது மட்டுமட்டுதான். நீண்ட ஏற்றத்தில் மோட்டார் சூடாகி வேகம் குறைவதும் உண்டு. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக நின்று கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் உச்சியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் அந்தத் தடை பெரும்பாலும் கிடைக்காது. கைப் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்க வேண்டியிருக்கும். மலைக்காரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மிக முக்கியமாகச் சொல்ல வேண்டியது பதிவு இல்லாத வண்டியைப் பற்றி. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம் என்பது விதி. விலையும் குறைவு. பையனுக்கு லைசென்ஸ் இல்லையே என்று நினைக்கும் கடைக்காரர் உடனே வாங்கிவிடுகிறார். ஆனால் 25 கிலோமீட்டர் வேகம் போதவில்லை என்று கட்டுப்பாட்டை அவிழ்த்து 40, 45 ஆக்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவிழ்த்த மறு நிமிடம் அது சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. ஒரு விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கடை முதலாளியின் தலையில் விழும். முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த முதல், ஒரு நாள் மாலையில் போய்விடும். அடிபடுகிற பையனும் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளை. ஆகவே கடை வேலைக்கு ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்சும் உள்ள வண்டியை, லைசென்ஸ் உள்ள ஆளிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

சார்ஜ் போடும் இடமும் சாதாரண விஷயமல்ல. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் சிக்கித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பின், பேட்டரி பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குவோர் தயாரித்த மாதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நம் கடையிலோ கற்பூரம், தீப்பெட்டி, சாக்கு, எண்ணெய் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவற்றின் பக்கத்திலும், வீட்டிலிருந்து வெளியேற இருக்கிற ஒரே வாசலிலும் சார்ஜ் போடக் கூடாது. எர்த் சரியாக இருக்கிற தனிப் பிளக் வையுங்கள். மாடி வீட்டுக்காரர் பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

எந்தக் கம்பெனி என்று நம்மைக் கேட்கிறார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இராணிப்பேட்டையிலும் நம் மாநிலத்திலேயே வண்டிகள் தயாராகின்றன. பெயரைக் காட்டிலும் மூன்று கேள்விகள் முக்கியம். பழுது பார்க்கும் இடம் நம் ஊரில் இருக்கிறதா, மதுரைக்கோ திருச்சிக்கோ ஏற்றி அனுப்ப வேண்டுமா? பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர்? 2024 முதல் சில நிறுவனங்கள் 8 ஆண்டு வரை தருவதாக அறிவித்தன. அது விலையில் சேர்ந்ததா, தனிப் பணமா, டெலிவரி வேலைக்கும் செல்லுமா? உத்தரவாதம் முடிந்த பின் புதுப் பேட்டரி என்ன விலை? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் காரைக்குடிக்காரர்கள் ஏமாந்தார்கள் என்றால் ஊர் சிரிக்கும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட சிக்ரி ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. நம் சங்கம் அங்குள்ள அறிவியலாளர் ஒருவரை அழைத்து, வணிகருக்குப் புரியும்படி ஒரு மாலை பேசச் சொல்ல வேண்டும். அதே நாளில் வண்டி விற்போரை வரவழைத்து, அரிசிச் சிப்பத்தோடு மேம்பாலம் ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் தயங்குகிற விற்பனையாளர், ஐம்பது கடைக்காரர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார். அப்படியும் மறுக்கிறவரிடம் நாம் வாங்க வேண்டியதில்லை.

செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.