மண்ணுக்கடியில் ஒரு பழைய பாக்கி

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் வழியாக லவண்டர் பக்கம் நடந்தால், சிறிது நேரத்தில் காலாங் ஆற்றோரம் கம்போங் பூகிஸ் வந்துவிடும். ஒரு சதுர மீட்டரைக்கூட வீணாக்காத இந்த ஊரில், நகரின் நடுவே இவ்வளவு பெரிய இடம் ஏன் இத்தனை ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது என்று எவருக்கும் தோன்றும். பதில் புல்லுக்குக் கீழே இருக்கிறது.

1862ல் இங்கு காலாங் எரிவாயு ஆலை கட்டப்பட்டது. 1864 முதல் நகரின் தெருவிளக்குகள் அதன் வாயுவில் எரிந்தன. 1901ல் தனியார் நிறுவனத்திடமிருந்து நகராட்சி ஆலையை வாங்கியது. பின்னர் அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது. சீனர்கள் அந்த வட்டாரத்தையே 'நெருப்பு நகரம்' என்று அழைத்தார்கள். 1998 மார்ச்சில் ஆலை மூடப்பட்டு, உற்பத்தி செனோக்கோவுக்கு மாறியது.

ஆலை போனாலும் அதன் எச்சம் போகவில்லை. நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் சூடாக்கினால் வாயு பிரியும். கூடவே தாரும் வரும். அந்தத் தாரில் பென்சீன், நாப்தலீன் போன்றவை உண்டு. சில புற்றுநோய் தரக்கூடியவை. தார் தண்ணீரைவிடக் கனமானது. மண்ணின் இடுக்குகளில் இறங்கி உட்கார்ந்துகொண்டு, பல பத்தாண்டுகளுக்கு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். உலகெங்கும் பழைய எரிவாயு ஆலைகள் இருந்த இடங்களில் இதே கதைதான்.

இப்போது அந்த இடத்தில் ஏறத்தாழ 4,000 வீடுகள் கொண்ட, கார்களை அதிகம் நம்பியிராத பேட்டை அமையவேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் திட்டம். வீடு கட்டுமுன் மண்ணைச் சுத்தப்படுத்தியாக வேண்டும். பக்கத்தில் இருக்கும் காலாங் நீர்ப்பகுதி, 2008ல் மரினா அணைக்கட்டு வந்தபிறகு நாம் குடிக்கும் நீரைத் தேக்கும் மரினா நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி. ஆகவே இது அங்கு குடிவரப்போகிறவர்களின் கவலை மட்டுமல்ல.

சுத்தப்படுத்தும் செலவு யாருடையது? 'வீடு கட்டி விற்று லாபம் பார்க்கும் நிறுவனம் கொடுக்கட்டுமே' என்று சொல்வது எளிது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அழுக்கு நிலத்தை ஏலத்துக்கு விட்டால், நிறுவனம் சுத்தப்படுத்தும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்கும். தோண்டியபின் என்ன கிளம்புமோ என்ற பயத்துக்கும் சேர்த்துக் கழிக்கும். நிலம் அரசுடையது. விற்ற பணம் நாட்டின் இருப்புநிதிக்குப் போகிறது. எனவே எந்தப் பையிலிருந்து எடுத்தாலும் அது நம் பைதான். அரசே முதலில் சுத்தப்படுத்தி விற்றால், பயத்துக்கான தள்ளுபடியாவது மிஞ்சும்.

இன்னொன்று: இங்கு அசுத்தம் செய்தவர் யார்? ஆலையின் ஆயுளில் பெரும்பகுதி அது பொதுத் துறையிடம்தான் இருந்தது. அந்த விளக்கின் வெளிச்சத்தில் நடந்ததும், அந்த வாயுவில் சமைத்ததும் இந்த ஊர் மக்கள். பாக்கியையும் ஊரே தீர்ப்பது நியாயம். 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் நீர்ப்பகுதியையும் சுத்தம் செய்ய, குடிபெயர்ந்தோருக்கான இழப்பீடு நீங்கலாக, சுமார் 170 மில்லியன் வெள்ளி செலவானது. இன்று அதை வீண் செலவு என்பவர் இல்லை.

ஆனால் லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு நஞ்சை மட்டும் விட்டுப்போகும் தனியாருக்கு இந்தச் சலுகை கூடாது. ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். தோல் ஆலைகளுக்கு எதிரான வேலூர் வழக்கில், 1996லேயே இந்திய உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. அதே ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை, 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவைக் குவித்துவிட்டு 1990களில் மூடப்பட்டது. சட்டம் இருந்தது, பணம் கட்டத்தான் ஆள் இல்லை. சுமை அரசின் தலையில் விழுந்தது. நிலத்தடி நீரைக் கெடுத்தபடி குவியல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

அமெரிக்கா 1980ல் இதற்கு ஒரு வழி கண்டது. உரிமையாளர் இல்லாத நச்சு நிலங்களைச் சுத்தம் செய்ய, எண்ணெய், ரசாயனத் தொழில்கள்மீது வரி போட்டு நிதி திரட்டியது. 1995ல் அந்த வரி காலாவதியாக, பாரம் பொதுமக்கள்மீது சாய்ந்தது. 2021ல்தான் ரசாயனங்கள்மீதான வரியை மீண்டும் கொண்டுவரச் சட்டம் இயற்றினார்கள்.

சிங்கப்பூரின் வழி வேறு. மாசு ஏற்படுத்தக்கூடிய தொழிலுக்கு ஜேடிசி நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்படுகின்றன. நிலத்தைத் திருப்பித் தரும்போது மறுபடியும் சோதனை. இடையில் கூடிய அசுத்தத்தைக் குத்தகைதாரர் நீக்கவேண்டும். வாடகை வீட்டுக்குள் நுழையும்போதே சுவர் விரிசலைப் படம் எடுத்து வைப்பதுபோலத்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் குத்தகை முடியுமுன் நிறுவனம் நொடித்துப்போனால்? அதற்கான வைப்புத்தொகையை முதல் நாளே வாங்கிவைப்பதுதான் பாதுகாப்பு.

பொதுப் பணம் செலவாகும் இடங்களில் நாம் கேட்கவேண்டியது இரண்டு. எவ்வளவு செலவானது என்ற கணக்கு ஒன்று. சுத்தம் செய்தபின் மண்ணில் என்ன மீதம் என்ற அறிக்கை மற்றொன்று. கம்போங் பூகிஸில் முதல் வீடு விற்பனைக்கு வரும்போது, வரைபடத்தோடு அந்த மண் அறிக்கையும் விற்பனைக்கூடத்தில் இருக்கவேண்டும். எம்ஆர்டி எவ்வளவு தூரம், வாசல் எந்தத் திசை என்று விசாரித்து வாங்குகிற நாம், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் கேட்கப் பழகுவோம்.